அமிர்தவல்லியின் கையெழுத்து

ராசாத்தி ஊராட்சித் தலைவராகப் பதவியேற்ற அன்று, தோளில் குத்தியிருந்த ஊக்கு தெறித்துவிட்டது. கூட்டத்தின் முன்னால் முந்தானையைப் பிடித்தபடி விழித்தாள். சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் அமிர்தவல்லி பின்னால் வந்து, தன் தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டுப் போனாள்.

அரிமளம் பக்கத்து அந்த ஊரில், கிராமசபைக்கு முதல்நாளே கிளார்க் சோலையப்பன் பதிவேட்டோடு வீடு வீடாக வருவார். பெண்கள் அடுப்படியிலிருந்தே கையெழுத்துப் போடுவார்கள். சபைக்கு ஆண்கள்தான் போவார்கள். தலைவர் நாற்காலியில் ராசாத்தியின் கணவர் ரெங்கராஜ் உட்காருவார்; கையெழுத்துக்கு மட்டும் ராசாத்தி வந்து ஓரமாக நிற்பாள்.

அமிர்தவல்லி மட்டும், "சபைக்கு வந்து போடுறேன் தம்பி" என்பாள். சொன்னபடி வருவாள். பழைய பாடப்புத்தகத்திலிருந்து கிழிந்த ஒரு தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள். அரசியல் சட்டத்தின் முகப்புரை. குடிமக்கள் எல்லாருக்கும் நீதி, சுதந்திரம், சமத்துவம் என்று எழுத்துக்கூட்டிச் சபையில் வாசிப்பாள்.

"ஆத்தா தாள எடுத்துருச்சு. இன்னிக்குப் பரீட்சைதான்டா!" என்று ஆண்கள் சிரிப்பார்கள்.

"எழுதுங்கப்பு. எல்லாருக்கும்னு போட்ருக்கே, ஒங்க வீட்டுப் பொம்பள அதுல சேத்தியா?" என்பாள் அமிர்தவல்லி.

ராசாத்தியிடம் ஒருமுறை சொன்னாள்: "சுதந்திரம் வேணும்னு நாடே கேட்டப்ப, பொம்பளைக அதே வார்த்தைய வச்சுத்தான் ஓட்டுக் கேட்டாங்களாம். நாம ஒண்ணும் புதுசாக் கேக்கலத்தா."

மார்கழிக் கடைசியில் அமிர்தவல்லி இறந்துபோனாள். ராசாத்திக்கு அழுகை வரவில்லை. கோயிலுக்குப் போனாள், விளக்குப் போட்டாள், திரும்பினாள். சோறு ருசிக்கவும் இல்லை, கசக்கவும் இல்லை.

குடியரசு தினக் கிராமசபை. ரெங்கராஜ் நாற்காலியில் இருந்தார். தலைவர் கையெழுத்துக்காகப் பதிவேட்டை ராசாத்தியிடம் நீட்டினார்கள். வந்தவர்கள் வரிசையில் அமிர்தவல்லி என்று நீல மையில் கையெழுத்துப் போட்டிருந்தது.

"போன சபை லிஸ்ட்டப் பாத்து நானே போட்டுட்டேன்க்கா, கவனிக்கல" என்றார் சோலையப்பன்.

"சரி விடு, கையெழுத்தப் போடு" என்றார் ரெங்கராஜ்.

ராசாத்தி அந்தப் பெயரையே பார்த்தாள். உயிரோடு இருந்தவரை, வராத சபைக்கு ஒருநாளும் கையெழுத்துப் போடாதவள்.

"போடமாட்டேன். இத அடிங்க. பொம்பளைகள வரச்சொல்லுங்க. நீங்க எந்திரிங்க."

கோபமில்லாத, யாரோ பேசுவது போன்ற குரல். ரெங்கராஜ் எழுந்தார். அவள் உட்கார்ந்தாள். மனசுக்குள் ஒன்றுமே அசையவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ராசாத்தி அவளைக் கடைசியாகப் பார்த்துவிட்டுக் கிளம்பிய சாயங்காலம், அமிர்தவல்லி சொன்னது இதுதான்:

"பஸ்ல கூட்டமாருந்தா நின்னுக்கிட்டே போகாதத்தா. எடம் கேளு."