மே இருபது

என் மகளுக்கு இரண்டு பிறந்தநாள். நிஜமாகப் பிறந்தது புரட்டாசியில், சேரன்மகாதேவியில் என் தாய்வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில். பள்ளிக்கூடச் சான்றிதழின்படி மே இருபது. எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இப்படி ஒரு மே மாதத்துப் பிள்ளை இருக்கும். ஜூலைக்குள் ஐந்து வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார்கள். ஆவணியிலும் புரட்டாசியிலும் பிறந்ததுகளை எல்லாம் பெற்றவர்கள் மே மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். நானும் தள்ளினேன்.

தச்சநல்லூர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் குறையுதே. மே இருபதுன்னு போட்டுக்கிடட்டா?" என்று கேட்டார். "போடுங்க டீச்சர்" என்றேன். பிறப்புச் சான்றிதழை அவரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளையை இன்னும் ஒரு வருஷம் வீட்டில் வைத்து என்ன செய்ய என்று சொந்தக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை நுண்ணுயிரியல் படித்து முடித்தாள். ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு. எந்த நாடு என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. கடிதம் வந்த அன்று அவள் அப்பா பால் வாங்கப் போனவர், கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் பாலை மறந்து திரும்பி வந்தார்.

விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியலை அவள் பீரோ கதவில் ஒட்டி வைத்தாள். மொழித் தேர்வு மதிப்பெண், மருத்துவக் காப்பீடு, தங்கப்போகும் அறைக்கு அத்தாட்சி, ஏன் அங்கே வந்து படிக்க வேண்டும் என்று ஒரு கடிதம். ஒரு வருஷச் செலவுக்குப் பணம் காட்ட வேண்டும் என்ற இடத்தில் உதவித்தொகைக் கடிதமே போதும் என்றிருந்தது. போட்டோ மட்டும் மூன்று தடவை எடுத்தோம். காது தெரிய வேண்டுமாம், சிரிக்கக் கூடாதாம். "பொண்ணு பாக்க வாறவங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்கட்டி" என்று கேலி செய்தேன். அவள் சிரித்து, நாலாவதும் எடுக்க வேண்டியதாயிற்று.

கடைசியில்தான் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள்.

"எம்மா, இதுல செப்டம்பர்னு இருக்கு. பாஸ்போர்ட்ல மே மாசம்லா இருக்கு?"

பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்துத்தான் பாஸ்போர்ட் எடுத்திருந்தோம். "நம்ம ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தாம்ட்டி" என்று நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னேன். கையை நிறுத்தக்கூட இல்லை.

பள்ளிச் சான்றிதழைத் திருத்தி, பிறகு பாஸ்போர்ட்டைத் திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று விசாரித்ததில் தெரிந்தது. சென்னையில் விண்ணப்பம் கொடுக்க மூன்று வாரத்தில் நாள் கிடைத்திருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு நோட்டரி வக்கீலிடம் போனோம். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பயப்படாதீங்க அண்ணாச்சி. ரெண்டு தேதியும் ஒரே பிள்ளைக்குத்தான், ஸ்கூல்ல மாத்திக் குடுத்துட்டோம்னு அம்மா ஒரு அபிடவிட் குடுத்தாப் போதும். இங்கன எல்லாத்துக்கும் இதான் செய்யுதோம்" என்றார். வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். சீல் பளிச்சென்று விழுந்ததில் எனக்கு நிம்மதிகூட ஆயிற்று.

சென்னைக்குக் கிளம்பும் முன் அவள் கோப்பை அடுக்கிக்கொண்டே, "இத வைக்கத்தான் வேணுமாம்மா?" என்று கேட்டாள்.

"வையிட்டி. நாமளே உண்மையச் சொன்ன பெறகு யாரு என்ன சொல்லப்போறா?"

எங்கள் ஊர் ஆபீஸ்களில் அப்படித்தான். தப்பை முந்திக்கொண்டு ஒத்துக்கொண்டால், ஒரு அதட்டு அதட்டிவிட்டு வேலையை முடித்துத் தருவார்கள். உலகம் பூராவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து அவள் போனுக்குப் பதில் வந்தது. அப்பாவுக்குப் புரியட்டும் என்று அவள் கூடத்தில் நின்று தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த தேதி உண்மையானது அல்ல என்று விண்ணப்பதாரரின் தாயே எழுதிக் கொடுத்திருப்பதால், விசா மறுக்கப்படுகிறது. தாயே என்ற இடத்தில் அவள் குரல் உள்ளே போனது. திரும்ப ஒருதரம் தனக்குள் வாசித்தாள். பிறகு போனை மேசைமேல் பைய வைத்தாள்.

மேல்முறையீட்டுக்கு மாதங்கள் ஆகும் என்றார்கள். வகுப்பு அக்டோபரில். உதவித்தொகை அந்த வருஷத்துக்கு மட்டுந்தான், அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க முடியாது என்று பல்கலைக்கழகம் வருத்தத்தோடு எழுதியது. அது இல்லாமல் அனுப்ப எங்களுக்கு வக்கில்லை. அவள் அப்பா நோட்டரியை ஏசினார், அந்த நாட்டை ஏசினார், என்னை மட்டும் ஏசவில்லை. விசாவை மறுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

அவளும் என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு மத்தியானம் பெட்டியைத் திறந்து அடுக்கியதை எல்லாம் வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு வருசம் என்னைய ஒங்கூட வீட்ல வச்சிருந்தா என்னம்மா?" என்றாள். கோபமே இல்லை, கேட்டாள், அவ்வளவுதான்.

பிள்ளை கெட்டிக்காரி என்று இத்தனை காலம் ஊருக்குச் சொன்னதை அவளிடம் சொல்ல முடியவில்லை. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அந்த ஜூனில் எனக்கு ஜங்ஷன் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாக அடுக்களைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வேலையை விட்டால் செத்துப்போவேன் என்று தோன்றியது. இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை.

அவளிடம் சொன்னேன். "எப்படியாவது வெளிய போயிரணும்னு இருந்துச்சுட்டி."

அவள் ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எனக்கும் அப்படித்தானம்மா இருந்துச்சு."