மைக்கில் இரண்டு தட்டு

ஜெர்மனியில் ஒருவரைப் பாராட்டக் கைதட்டாமல் மேசையைத் தட்டுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. விரல் முட்டியால், டொக் டொக்கென்று. எங்கள் சிறிய இசைக்கூட்டத்திலும் அப்படித்தான். வந்த புதிதில் வாசலில் யாரோ நிற்கிறார்களென்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். போன மாதம் அந்தத் தட்டல் எனக்கே கிடைத்தது. 'பலாபத்வல' என்று என் ஊரின் பெயரையே வைத்துக் கணினியில் செய்த எலக்ட்ரானிக் பாட்டுக்காக. ஊரைக் கடந்து போகும் யாழ்ப்பாண வீதி லொறிகளின் ஹோர்ன், மிளகு அரைக்கும் மில், எல்லாம் ஊரிலிருந்து என் மூத்த சகோதரி, ராத்தா, வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. தாளம் மட்டும் பள்ளிவாசல் மைக்கிலிருந்து: இரண்டு தட்டு, ஒரு செருமல். "இது கதவா?" என்று கூட்டத்து நண்பன் லூக்காஸ் கேட்டான். "என் ஊர்," என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆடினான்.

பெருமை தாங்காமல் ராத்தாவுக்கும் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு அவளே அழைத்தாள்.

"அந்த மைக் சத்தம் எங்க எடுத்த?"

"நீங்க அனுப்பினதுதானே ராத்தா."

"நான் அத பாட்டுக்கு அனுப்பல்ல. ஹனீபா மாமா மவுத்தான அறிவிப்பு அது. நீ கேட்டுட்டு மாமிக்கு ஒரு கோல் எடுப்பன்னு அனுப்பினேன். ரெண்டு மாசமாச்சி. மாமி ஒன்னயத்தான் விசாரிக்கிறாங்க."

ஹனீபா மாமா பக்கத்து வீட்டில் ரேடியோ திருத்தியவர். கடைக்கு வந்த டேப் ரெகோர்டர்களை நான் நோண்டியபோது ஒருநாளும் ஏசாதவர். எங்கள் ஊரில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நேரமல்லாத நேரத்தில், பாங்கு சொல்லும் மோதினார் மைக்கைத் தட்டிச் செருமினால் அது மவுத்து அறிவிப்பாகத்தான், யாரோ இறந்த செய்தியாகத்தான் இருக்கும். உம்மா அடுப்பைத் தணித்துவிட்டுப் பெயருக்காகக் காத்திருப்பார். ஜெர்மனிக்கு வந்த பதினொரு வருடத்தில் எனக்கு அது மறந்துவிட்டது என்று சொன்னால் பொய். தெரிந்துதான் முதல் நான்கு விநாடியை நல்ல சத்தம் என்று வெட்டிக்கொண்டேன். யார் பெயர் என்று மீதியைக் கேட்கவில்லை.

அன்றுதான் முழுவதையும் கேட்டேன். அவர் பெயர், அவருடைய வாப்பாவின் பெயர், அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். மாமிக்கு அழைத்தேன்.

"வேல கூடவா மகன்?" என்று அவரே எனக்கொரு சாக்கை எடுத்துக் கொடுத்தார்.

"ஓம் மாமி," என்றேன். அந்த ஓம்தான் இன்னும் என்னைத் தின்கிறது.

நேற்றுக் கூட்டத்தில், பாட்டை அழித்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்றார்கள். அதில் ஒரு மனிதரின் மரணம் இருக்கிறது என்றேன். அவர்கள் அதையும் கலை என்று எடுத்துக்கொண்டு மரியாதையாக மேசையைத் தட்டினார்கள். தட்டி ஓய்ந்த பிறகும் நான் எழும்பவில்லை. அடுத்ததாகப் பெயரைச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.