நெய்யில் மணல் பிறந்த கதை

சங்கரன்கோவிலில் நெய் என்றால் மைமூனம்மாள்தான். நீங்கள் கேட்பதற்கு முன்பே அதை அவரே சொல்லிவிடுவார். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர், ஒற்றை எருமையை வைத்துத் தொழில் தொடங்கியவர். இன்றைக்குக் கடையநல்லூர்க் கல்யாணச் சீர் எதுவும் அவருடைய நெய் டின் இல்லாமல் இருக்காது. ஆறிய நெய் ரவை போல மணல் மணலாக உறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தில் அதை யாரும் நெய்யென்று ஒப்புக்கொள்வதில்லை.

துபாயிலிருந்து வந்த மகன் ஷாஜித் பெரிய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கி வைத்தான். அலிமா பீவி மகளின் சீருக்கான நெய் சீக்கிரம் உறையட்டும் என்று, மைமூனம்மாள் டின்களைச் சூட்டோடு அதற்குள் அடுக்கினார். மறுநாள் அனுப்பிய டின்கள் மத்தியானமே ஆட்டோவில் திரும்பி வந்தன, கூடவே அலிமா பீவியும்.

"லாத்தா, டால்டா கலந்துட்டியளோ? களிம்பு மாதிரில்லா இருக்கு. நாளைக்குச் சீர் பாக்க வாரவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஒன் கல்யாணத்துக்கே என் நெய்தாம்ட்டி வந்துச்சு. காலைல வா. மணல் இல்லேன்னா இனி நான் வெண்ணெயே உருக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாரே தவிர, காரணம் அவருக்கே விளங்கவில்லை. அதே எருமை, அதே அடுப்பு, அதே முருங்கைக்கீரை. அப்புறம் ஏன்? அலமாரியில் சிவகிரித் தேன் பாட்டில் இருந்தது. மாசக்கணக்கில் யாரும் தொடாததால் அதன் அடியில் பருமனான பரல்கள் இறங்கியிருந்தன. சீனிப்பாகு நினைவுக்கு வந்தது. போட்டுக் கிண்டினால் மாவாகப் பூத்துவிடும். சும்மா விட்டால் கட்டி கட்டியாகக் கற்கண்டு. ஆக, ஒவ்வொரு பரலும் எங்கேயோ ஒரு துளியில் பிறந்து, மெல்ல மெல்ல வளருகிறது. ஃபிரிட்ஜ் குளிரில் அமுக்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்துவிடுகின்றன, எதற்கும் வளர நேரமில்லை.

நெய்யை மறுபடி உருக்கினார். வெதுவெதுப்பானதும், பாலுக்கு உறை ஊற்றுவது போல வீட்டுக்கென்று வைத்திருந்த பழைய மணல் நெய்யை டின்னுக்கு ஒரு கரண்டி போட்டு, சாக்கால் போர்த்தினார். எட்டிப் பார்க்க வந்த ஷாஜித்திடம், டின்களை அசைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றார். அவர் மட்டும் அடிக்கொருதரம் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

காலையில் அலிமா பீவி ஒரு விரலில் நெய்யை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்றது. டின்களை ஏற்றும்படி ஆட்டோக்காரருக்குக் கை காட்டினார்.

மைமூனம்மாள் முதல் டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"டால்டான்னு சொன்ன வாயால நெய்யின்னு சொல்லு. பொறவு ஏத்து."

"நெய்தான் லாத்தா," என்று அலிமா பீவி சிரித்தார்.

"ஆட்டோக்காரருக்குக் கேக்கல."