முறைவீட்டுக் கதிரை

நேற்றுக் காலை சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்கப் போயிருந்தேன். பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கக் கூடாது என்று உத்தரவு. வாங்கிலில் என்னைப் போலவே பட்டினி கிடந்த ஒரு வரிசை. எல்லாருடைய முகத்திலும் உலகத்தின் மேல் ஒரு கோபம். இரத்தம் குடுத்து முடித்த ஒரு அம்மா, எங்கள் எல்லாருக்கும் முன்னால், கொஞ்சமும் இரக்கமில்லாமல் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். சாம்பார். பருப்புக்கறிக்குப் புளியை விட்டுவிட்டு நாங்கள் சாம்பார் என்று பெயர் வைக்கிறோமே, அதில்லை. பெருங்காயம் தூக்கலாக, முருங்கைக்காய் மிதக்க, கடலுக்கு அக்கரை, அசல் தமிழ்நாட்டுச் சாம்பார்.

என் மூக்கு எப்போதும் என்னைவிட முந்திக்கொண்டு போகும். தாதி என் பெயரைக் கூப்பிட்டபோது நான் அங்கே இல்லை. விடத்தல்தீவுக்கு அங்கால், கண்டல் காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு ஊரில், அருளம்மாவின் முற்றத்தில் நின்றேன்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சக் காலம் மன்னார்ப் பக்கம் உயிரோடு போய்வர ஆசை.

சண்டை முடிந்து, சனம் திரும்பி வந்து குடியேறிய ஆரம்ப வருடங்கள் அவை. நான் யாழ்ப்பாணத்தில் குருமடத்தில் சேர்ந்து, விடிய ஜெபத்துக்கு எழும்ப ஏலாமல் திரும்பி வந்திருந்தேன். சாமியாராகப் போன பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கினால் ஒரு தாய் கோயில் வாசலில் என்ன முகத்தை வைத்துக்கொள்வாள்? அம்மாதான் ஆளைப் பிடித்து என்னை மிஷன் தொண்டர் ஆசிரியர் ஆக்கி அனுப்பினா. சம்பளம் கிடையாது. சாப்பாட்டை ஊர் பார்க்கும். இதில் இரண்டாவது வசனம் மட்டும்தான் என் காதில் விழுந்தது.

பஸ்ஸால் இறங்கியபோது என்னைக் கூட்டிப்போக வந்தவர் சூசைப்பிள்ளைச் சம்மாட்டியார். ஊரில் பாதி வலை அவருடையது, கோயில் சபைக்கும் அவர்தான் தலைவர். என் தோள் எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பயப்படாதேங்கோ மாஸ்டர். இஞ்ச வந்த ஒரு மாஸ்டரும் மெலிஞ்சு திரும்பினதாச் சரித்திரமில்லை."

பள்ளிக்கூடம் என்பது கோயிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். காலையில் ஜெபம், பிறகு கணக்கு, ஆங்கிலம், பின்னேரம் மறைக்கல்வி. மத்தியானத்தில் தகரம் கொதிக்கத் தொடங்கினால் மன்னார்க் கழுதைகள் நிழல் தேடி உள்ளே வந்து கடைசி வாங்கிலுக்குப் பின்னால் நிற்கும். என் ஆங்கிலப் பாடத்தை முழுதாக, இடையில் சிரிக்காமல் கேட்டவர்கள் அவர்கள்தான்.

ஆனால் அந்த ஊரில் என் உண்மையான உத்தியோகம் சாப்பிடுவது. முறைச் சாப்பாடு என்று சொல்வார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. கோயிலுக்குச் சொந்தமாகக் கைபிடி வைத்த ஒரு பெரிய கதிரை இருந்தது. ஏதோ காலத்து வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப் போனது என்றார்கள். விடிந்ததும் அன்றைக்கு எந்த வீட்டு முறையோ, அந்த வீட்டு ஆள் முந்தின நாள் முறைவீட்டுக்குப் போய்க் கதிரையைத் தலையில் தூக்கி வருவார். முற்றத்தில் கதிரை வைத்தால்தான் அது முறைவீடு. நான் அதில் இருந்து திருக்கை வறையும் கணவாய்க் கறியும் சாப்பிட, வேலிக்கு அங்கால் நின்று சனம் என் கோப்பையை எட்டிப் பார்க்கும். அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள் அறிக்கை வாசிப்பார்கள். "மாஸ்டர் நேத்து எங்கட வீட்டில மூண்டுதரம் புட்டுப் போட்டுச் சாப்பிட்டவர்!" "எங்கட வீட்டில ஏவறை விட்டவர்!" என் ஏப்பத்துக்கு அந்த ஊரில் இருந்த மதிப்பு இன்றைக்கு என் கையெழுத்துக்குக்கூட இல்லை.

இதெல்லாம் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதிரை வந்து போன வீட்டுக்காரன்தான் ஊர்க் கரையில் வள்ளம் இழுத்து வைக்கலாம் என்ற சங்கதி எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மற்றவன் கண்டல் சேற்றுக்குள், முழங்கால் புதைய, வெகுதூரம் நடந்து போய்க் கட்டவேண்டும்.

மற்றவன் என்று ஊரில் ஒருத்தன்தான் இருந்தான். சீலன். அருளம்மாவின் புருசன்.

அருளம்மா அந்த ஊரில் பிறந்தவள். அந்தக் கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்றவள். கைக்குழந்தையாக வள்ளத்தில் அக்கரை போய், தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கேயே சீலனைக் கட்டி, தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்திருந்தாள். ஊர் அவளுக்குக் 'காம்ப் அருளம்மா' என்று பெயர் வைத்தது. அவள் "வாங்க சார்" என்று கூப்பிட்டால் பெண்கள் கிணற்றடியில் "சார்ர்ர்" என்று இழுத்துச் சிரிப்பார்கள். அவள் வாளியை வைத்தால் மற்ற வாளிகள் கொஞ்சம் தள்ளிப் போகும். ஒருவரும் அடிக்கவில்லை, ஒருவரும் ஏசவில்லை. வெறும் சிரிப்புத்தான். நானும் ஒரு பகிடிக்காரன் என்பதால் சொல்கிறேன், சிரிப்பைப் போலத் தழும்பு தெரியாமல் வெட்டும் கத்தி வேறில்லை.

தவக்காலத்தில் ஒரு நாள் அருளம்மா கொட்டிலுக்கு வந்தாள். சீலனின் இரண்டு கால்களும் சேற்றுப் புண் வந்து வீங்கிவிட்டன. இனிச் சேற்றில் இறங்கினால் காலை எடுக்கவேண்டி வரும் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"எங்களுக்கும் ஒரு முறை கேட்டுக் குடுங்க சார். ஒரே ஒரு நாள். கதிரை வந்துட்டா அவரு கரையில கட்டிக்கலாம்."

அடுத்த சபைக் கூட்டத்தில் நான் எழும்பிக் கேட்டேன். சம்மாட்டியார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மலர்ந்தார்.

"அதுக்கென்ன மாஸ்டர்! அந்தப் பிள்ளையும் எங்கட பிள்ளைதானே. குடுப்பம். எந்த நாள் குடுப்பம்?" மீசையைத் தடவி யோசித்தார். "பெரிய வெள்ளி எண்டால் எப்பிடி?"

கொட்டில் சிரிப்பால் அதிர்ந்தது. பெரிய வெள்ளி, யேசுநாதர் சிலுவையில் மரித்த நாள். ஊரே உபவாசம். மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை, வீடுகளில் அடுப்பு எரியாது. பின்னேரம் கோயில் முற்றத்தில் எல்லாரும் வரிசையில் நின்று கஞ்சி குடிப்பார்கள். கதிரையும் அன்றைக்குச் சாமியாருக்காகப் பீடத்தடியில் நிற்கும். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காம்ப் சாம்பாருக்குத் தோதான நாள்தான்" என்றார். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

நான் வெட்கத்தோடு போய்ச் சொன்னேன். அருளம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"உபவாசத்துல ஒரு நேரம் சாப்பிடலாம்தானே சார். மச்சம்தானே கூடாது. சாம்பார் வைக்கிறேன்."

திருச்சபைச் சட்டம் குருமடத்தில் படித்த எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்தது. நான் படிக்கப் போன இடத்தில் நித்திரை கொண்டதுதான் காரணம்.

மாதம் ஒருக்கால் வரும் ஃபாதரிடம் முறையிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். "ஊர் வழமையில நான் கை வைக்கேலாது தம்பி. நீரும் வைக்காதையும்" என்றார்.

பெரிய வெள்ளி வந்தது. பின்னேர வழிபாடு முடிந்து, சிலுவையை முத்தமிட்டு, சனம் கஞ்சிக் கிடாரத்தைச் சுற்றி நின்றது. ஃபாதர் உடுப்பு மாற்ற உள்ளே போனார். பீடத்தடியில் கதிரை வெறுமையாக நின்றது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. பாதி வீரம், மற்றப் பாதி பசி என்று இன்றைக்கும் சந்தேகம். கதிரையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வாசலால் வெளியே வந்தேன்.

அது தேக்கா, கருங்காலியா, கருங்கல்லா என்று தெரியவில்லை, அப்படிப் பாரம். கழுத்து தோளுக்குள் இறங்கிவிட்டது. கண்ணுக்கு முன்னால் கதிரைக் கால்கள் ஆட, கிடாரத்தைச் சுற்றி நின்ற முழு ஊருக்கும் நடுவால் தள்ளாடிப் போனேன். சிலுவையின் பாதையை அப்போதுதான் எல்லாரும் ஜெபித்து முடித்திருந்தார்கள். ஒரு கிழவி என்னைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் நெஞ்சில் சிலுவை போட்டா. இரண்டு கழுதைகள் பின்னால் வந்தன. மனிதர் ஒருவரும் வரவில்லை.

அருளம்மாவின் முற்றத்தில் கதிரையை இறக்கி, அதில் விழுந்தேன். வேலிக்கு அங்கால் எட்டிப் பார்க்க ஒரு தலையும் இல்லை. உயிலங்குளத்துப் புது அரிசிச் சோறும் சாம்பாரும் வந்தன. சீலன் துணி சுற்றிய கால்களோடு தடுமாறி எழும்பி, கதிரைக் கைபிடியைத் தொட்டுப் பார்த்தான். ஏதோ மாட்டின் முதுகைத் தடவுவது மாதிரித் தடவினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா சார்?"

"ஊத்துங்கோ அக்கா." மூன்றுதரம் வாங்கினேன். உபவாசத்துக்கு நான் செய்த மரியாதை அவ்வளவுதான். முடிவில் ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே ஒரு ஏப்பம் விட்டேன்.

உயிர்ப்பு ஞாயிற்றுப் பூசை முடிவில் சம்மாட்டியார் எழும்பி அறிவித்தல் வாசித்தார். எல்லாருக்கும் பாஸ்கு வாழ்த்துச் சொன்னார். பிறகு, அதே குரலில், "சனத்தின்ர கஷ்டத்தைப் பாத்து, முறைச் சாப்பாட்டைப் பெரிய வியாழனோட நிப்பாட்டுறதாச் சபை தீர்மானிச்சிருக்கு. மாஸ்டருக்கு இனிக் கடைப் பார்சல். அதுக்குப் பிறகு ஆராவது ஆருக்காவது சாப்பாடு குடுத்திருந்தால் அது அவையின்ர சொந்த விருந்து" என்றார்.

கோயிலில் ஒரு முணுமுணுப்பு இல்லை. எத்தனையோ மாஸ்டர்மாருக்குச் சோறு போட்டு, அதில் பெருமைப்பட்டு, அதற்காகச் சண்டைபிடித்த ஊர். அவளும் அதற்குள் வந்துவிடுவாள் என்றவுடன், முழுவதையும் தூக்கிக் கடலில் போடச் சம்மதித்துவிட்டது.

வியாழனோடு முறை முடிந்துவிட்டால் வெள்ளிக்கிழமைக் கதிரை கணக்கில் இல்லை என்று சீலனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனோ அறிவித்தல் ஒருபக்கம், கதிரை வந்தது ஒருபக்கம் என்று நம்பினான். திங்கள் காலை வள்ளத்தை ஊர்க் கரைக்குக் கொண்டு வந்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் தனியே இழுக்கப் படுகிற பாட்டைக் கண்டு, பிய்ந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். சிரித்த முகங்கள். "விடு மச்சான், நாங்கள் பிடிக்கிறம்" என்றான் ஒருத்தன். சீலனுக்கு முகமெல்லாம் பல்லு. அவர்கள் வள்ளத்தின் இரண்டு பக்கமும் தோள் குடுத்தார்கள். ஏலேலோ பாடினார்கள். பாடிப் பாடி, அதைக் கடல் பக்கமாகத் தள்ளினார்கள். ஆளில்லாத வள்ளம் காற்றோடு போய், பழைய இறங்குதுறைக் கற்களில் அடித்துப் பிளந்தது. சீலன் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றான். முகம் மாறுவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

அருளம்மா வந்து, அவனுடைய கையிலிருந்த கயிற்றை வாங்கிச் சுருட்டினாள்.

"அக்கரைக்குத் தள்ளிவிட்டப்போகூட ஆளு ஏறியாச்சான்னு பாத்துத்தான் சார் தள்ளினாங்களாம்" என்றாள்.

அந்த மாரிக்கு முன் அவர்கள் போய்விட்டார்கள். தலைமன்னாரில் கண்டதாக ஒருவர், திரும்பவும் இந்தியாவுக்கு என்று இன்னொருவர். நானும் தவணை முடிய வெளிக்கிட்டேன். பார்சல் சோற்றில், சரித்திரத்திலேயே முதல் தடவையாக, மெலிந்து திரும்பிய மாஸ்டர் நான்.

போன வருடம் ஒரு கலியாணத்துக்கு அந்த வழியால் போகவேண்டி வந்தது. கொட்டில் இல்லை, மாடிக் கட்டடம் நிற்கிறது. கழுதைகளும் குறைந்துவிட்டன. அருளம்மாவின் காணியில் வேலி இல்லை, வீட்டு அத்திவாரமும் இல்லை, யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள். சூசைப்பிள்ளைச் சம்மாட்டியார் பல்லெல்லாம் விழுந்து, என்னைக் கட்டிப்பிடித்து, தோள் எலும்பைத் தேடிக் கிடைக்காமல் சிரித்தார்.

"அது ஒரு காலம் மாஸ்டர். முறைச் சாப்பாடு இருந்த மட்டும் ஊரே ஒரு குடும்பமா இருந்தது. எந்தப் பாவி நிப்பாட்டினானோ." கண் கலங்கிவிட்டது அவருக்கு. விரலை மடக்கி மடக்கி, முறைவீடுகளை ஒழுங்கு தப்பாமல் சொன்னார். எந்த வீட்டில் என்ன கறி என்பதுகூட ஞாபகம்.

"அருளம்மா வீடு?" என்று கேட்டேன்.

"எந்த அருளம்மா?"

நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார். அவர் நடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தன் ஞாபகத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்தாரோ என்னவோ, மடக்கிய விரல்களையெல்லாம் விரித்து, எனக்காக முதல் வீட்டிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.