ஏழாம் வகுப்புக்கு நான்கு கேப்டன்கள்

1. விட்டுவிட்ட பாடம்

பட்டாளம் ஆட்சியைப் பிடித்த அந்த வருடம் நான் ஃபிஜித் தீவில் ரக்கிரக்கி பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்பு டீச்சர். டெம்பரரி போஸ்டிங். எஜுகேஷன் ஆபீசர் வந்து பார்த்து நல்ல ரிப்போர்ட் எழுதினால்தான் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சோஷியல் சயின்ஸ் புத்தகத்தில் பார்லிமென்ட் பற்றி ஒரு பாடம் இருந்தது. எங்கள் ஹெட் டீச்சர் தமிழர், பயந்த சுபாவம். புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தார்.

“யம்மா, பார்லிமென்டே பூட்டிக் கெடக்கு. அந்தச் சாப்டர வுட்டுடு. வம்பு நமக்கு எதுக்கு?”

விட்டுவிட்டேன். நானும் பயந்தாங்கொள்ளிதான்.

2. பிஸ்கட் டின்

ஆனால் வகுப்புக்குக் கேப்டன் வேண்டுமே. பிள்ளைகள் சீட்டில் பெயர் எழுதி பிஸ்கட் டின்னில் போட்டுத் தேர்ந்தெடுப்பது எங்கள் வழக்கம். பட்டாளத்துக்குப் பயந்து இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் நாட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம் அது. முதலில் ஜெயித்த பெண் ஒரே மாதத்தில் குடும்பத்தோடு ஆக்லாந்து போய்விட்டாள். மறுபடி ஓட்டு. ஜெயித்த பையன் சிட்னிக்குப் போனான். மறுபடி ஓட்டு. அதில் ஜெயித்தவன் வான்கூவருக்கு. ஒவ்வொருவரையும் வழியனுப்பும்போது நான் அழுதேன். பிள்ளைகளோ கேப்டன் ஆனால் விசா நிச்சயம் என்று கேலி பேசினார்கள். நாலாவது தேர்தலுக்கு எட்டுப் பேர் நின்றார்கள்!

அந்தத் தேர்தல் நாளன்று பார்த்து ஆபீசர் வந்து சேர்ந்தார். இடுப்பில் வேட்டி மாதிரி சூலு, கழுத்தில் டை, கையில் ஃபைல். ஆஜானுபாகுவான பூர்வகுடி ஃபிஜியர். பின்னாலேயே வேர்த்து விறுவிறுத்து ஹெட் டீச்சர். ஆபீசர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் டின்னை மேசைக்கடியில் தள்ளினேன்.

“இனிமே செரெயானாதான் கேப்டன். எல்லாரும் கை தட்டுங்க.”

செரெயானா பக்கத்து ஃபிஜியர் கிராமத்துப் பெண். எட்டுப் பேரில் ஒருத்தி. அவள் குடும்பம் எந்த நாட்டுக்கும் போகாது. ஆபத்துக்கு என்ன அழகாக யோசித்தேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. செரெயானா எழுந்தாள். வகுப்பில் பேச்செல்லாம் இந்தியும் இங்கிலீஷும்தான். நான் தமிழில் எழுதுகிறேன்.

“எனக்கு வேணாம் மேடம்.”

“ஏன்? நீதான் நின்னியே?”

“நின்னேன். ஆனா யாரும் இன்னும் ஓட்டே போடலயே. நீங்களா தூக்கிக் குடுத்தா நான் எப்படி கேப்டன்? இனிமே நாங்கதான் ஆட்சின்னு பட்டாளத்துக்காரங்க ரேடியோல சொன்னாங்களே, அந்த மாதிரி ஆயிடும்.”

எனக்குக் காது சுட்டது. ஹெட் டீச்சர் ஜன்னல் வழியே கரும்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை போயே போச்சு என்று தீர்மானித்துவிட்டேன்.

ஆபீசர் கேட்டார், “பார்லிமென்ட் பாடம் நடத்தினீங்களா மேடம்?”

“இல்ல சார். விட்டுட்டேன்.”

“அப்ப இந்தப் பொண்ணு எங்க கத்துக்கிட்டா?”

“இந்த வருசம் மூணு தடவ ஓட்டுப் போட்டோம் சார்!” முழு வகுப்பும் கத்தியது.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அந்த டின்ன எடுங்க. சீட்ட நானே எண்ணுறேன். ரிப்போர்ட்ல கணக்குப் பாடம்னு எழுதிக்கிறேன்.”

கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது. செரெயானா இரண்டே ஓட்டில் தோற்றாள். ஜெயித்த கமலாவின் கையைத் தூக்கிப் பிடித்து, “வினாகா! வினாகா!” என்று வாழ்த்திக்கொண்டே வகுப்பைச் சுற்றி ஓடி வந்தாள். தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவரை அந்த வருடம் நாட்டில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

3. இளம் ஆசிரியர்களுக்கு

என் வேலை நிரந்தரமானது. ஒரு பாடத்தை விட்டதற்காக என்னை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். சீட்டும் பென்சிலுமாகப் பிள்ளைகள் காத்திருக்கும்போது நானாகவே ஒரு கேப்டனை அறிவித்தேன் பாருங்கள், அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஓய்வு பெறும்வரை அதற்குப் பிறகு ஒரு கேப்டனைக்கூட நான் நியமித்ததில்லை.