பத்திரிகையில் சம்பந்தியின் ஊர்

"மாப்பிள்ளை வீட்டார் பூர்வீகம்: ஹெட்மார்க்கன், நார்வே. பண்ணையின் பெயரையும் சேர்க்கவும்." 2025 மார்ச் 9, ஞாயிறு என்று தேதியிட்டு நான் எழுதிவைத்த குறிப்பு இது. அமெரிக்காவில், பிளானோவில் பிறந்து வளர்ந்த எங்கள் மகளுக்கு, பல தலைமுறைகளாக டெக்சாஸில் வாழும் நார்வேக் குடும்பத்துப் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஈரோட்டுச் சொந்தங்களுக்குப் போகும் பத்திரிகையில் பையன் வீட்டு ஊர் இருந்தே ஆக வேண்டும் என்றாள் மனைவி.

சம்பந்தியைக் கேட்டோம். தன் குடும்பப் பெயரே ஒரு பண்ணையின் பெயர்தான் என்றார். அந்தப் பண்ணையின் பெரிய வெள்ளை வீட்டுப் படம் அவர் கூடத்தில் மாட்டியிருந்தது. முன்னோர் வாழ்ந்த வீடு என்று வருபவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

நான் படிக்கத் தொடங்கினேன். ஹெட்மார்க்கன், மியோசா ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள வட்டாரம். மலைகள் மிகுந்த நார்வேயில் அரிதான வளமான விளைநிலம், பெரிய பண்ணைகள். பண்ணை ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு, அதற்கு ஈடாக உழைத்த குடும்பங்களும் உண்டு. அந்த நாளில் ஒருவர் எந்தப் பண்ணையில் குடியிருந்தாரோ அதன் பெயரே அவருக்கும். இடம் மாறினால் பெயரும் மாறும். உடைமையாளருக்கும் குடிசைக்காரருக்கும் ஒரே பெயர். கப்பலேறி வந்த சம்பந்தியின் முன்னோரை, தேவாலயப் பதிவு குடிசைக்காரர் என்றே குறித்திருந்தது.

மனைவியிடம் சொன்னேன்.

"அப்படின்னா பண்ணையாளா?"

"கிட்டத்தட்ட."

"யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதீங்க. பண்ணை பேரு இருக்கட்டும். நம்மள மாதிரி தோட்டம் காடு வெச்சிருந்தவங்கன்னு நெனச்சுக்குவாங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "அப்பா, இட்ஸ் ஹிஸ் ஃபேமிலி. ஜஸ்ட் டெல் ஹிம்."

"நீ சும்மா இரு. ஈரோட்டுப் பெரியம்மா கேட்டா நீயா பதில் சொல்லுவ?" என்றாள் மனைவி.

மறுநாள் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வீட்டுக்குள் அவரை விட்டிருப்பார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தெரியாது என்றேன். "பண்ணையை என் பெயரிலிருந்து எடுக்க முடியாது. ஊர் வரியிலிருந்தாவது எடுத்துவிடுங்கள்" என்றார்.

"ஹெட்மார்க்கன், நார்வே" என்று மட்டும் அச்சானது. மனைவி பத்திரிகைக் கட்டுகளைப் பிரிக்காமல் மேசையில் வைத்தாள். அடுத்த முறை போனபோது சம்பந்தி வீட்டுக் கூடத்தில் படம் இல்லை.

அந்தக் குடிசைக்காரர் பிறந்தது ஏரிக்கு மேற்கே, டோட்டன் வட்டாரத்தில் என்று பிறகு ஒரு குறிப்பு கிடைத்தது. அது உண்மையானால் நாங்கள் அச்சிட்ட ஊரும் அவர் பிறந்த ஊரல்ல. இதை இன்னும் என்னால் சரிபார்க்க முடியவில்லை.