என் இடது காலைப் பிடித்தவர்

பிள்ளைகளை நாள் முழுதும் பள்ளிக்கூடத்தில் இருத்தி வைக்கச் சட்டம் வேண்டும் என்று, வங்காளத்துப் பவானிபூரில் நம் தமிழர்கள் கூடும் இடமெல்லாம் பேச்சு. எல்லாரையும்விட உரக்கப் பேசுகிறவர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அவரைச் சிறு வயதிலிருந்தே தெரியும். என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் இடது காலைப் பிடித்தவர் அவர்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம் அது. ஒருவன் வராவிட்டால் வாத்தியார் தடிப்பயல்கள் நால்வரை அனுப்புவார். ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால். தெருவே பார்க்க, செத்த கன்றுக்குட்டி மாதிரி தொங்கிக்கொண்டு போவேன். போனதும் பிரம்படி. பிறகு சாயங்காலம் வரை வங்காளி பாஷையில் கணக்கு. பாதி புரியாது, புரிந்த பாதி பிடிக்காது.

நான் ஓடுவது காளிகாட் பக்கம், ஆதிகங்கைக் கரைக்கு. தெற்கேயிருந்து வைக்கோல் படகுகள் வந்து நிற்கும். ஒரு படகுக்காரன், சரக்கை இறக்கியதும் திரும்பப் போவதாகவும், சோற்றுக்கு வேலை செய்வதானால் கூட வரலாம் என்றும் சொல்லியிருந்தான். கூலி கிடையாது. எனக்கு அது போதும்.

படகு கிளம்புகிற அன்றைக்குத்தான் நால்வரும் வந்து பிடித்தார்கள். அங்கே படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்கடா, அந்தப் படகிலே போயிடறேன்" என்று வங்காளி பாஷையில் கெஞ்சினேன்.

வலது கையைப் பிடித்திருந்தவன் சிரித்தான். "அரே மதராஸி, நீ போயிட்டா எங்களை யாரு வெளியே விடுவா? உன்னாலதானே கணக்கு வகுப்பு தப்பறது!"

உண்மைதான். கரையெல்லாம் சுற்றி, கொய்யாப்பழம் தின்ற பிறகே என்னைத் தேடுவார்கள். ஒருவனை உள்ளே கொண்டுவர, வாத்தியார் நால்வரை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

இடது கால்காரன் மட்டும் தமிழன். குனிந்து என்னைக் கேட்டான்: "நெஜமாவே போயிடுவியாடா? நாலு நாள்ல அழுதுண்டு வந்து நிக்க மாட்டியே?"

"மாட்டேன்."

அவன் மற்றவர்களிடம் சொன்னான்: "இவன் போகட்டும். நாளையிலேர்ந்து நான் ஓடறேன். என்னைப் பிடிக்க நீங்க வாங்கோ."

மூவருக்கும் இது பிடித்துப்போயிற்று. என்னைச் சேற்றில் போட்டார்கள். எழுந்து ஓடிப் படகில் விழுந்தேன்.

சுகப்பட்டேன் என்று சொல்லவில்லை. உப்புக்காற்றில் உதடு வெடித்தது. ஜுரத்தோடு வைக்கோலில் கிடந்தேன். பழைய சோறும் மிளகாயும்தான். பிறகு சிட்டகாங், ரங்கூன் என்று கால் போன இடமெல்லாம் அலைந்தேன்; பட்டினியும் கிடந்தேன். ஆனால் அதற்கப்புறம் யாரும் என் கைகாலைப் பிடித்துத் தூக்கவில்லை.

வெகு காலம் கழித்துத்தான் பவானிபூர் திரும்பினேன். போன வாரமும் தலைமைக் குமாஸ்தா சட்டத்தைப் பற்றி முழங்கினார். "கட்டாயப்படுத்தினாத்தான் பசங்க உருப்படுவா!"

பொறுக்காமல் கேட்டேன்: "ஏங்காணும், நாளையிலேர்ந்து நான் ஓடறேன்னு அன்னிக்குச் சொன்னீரே, ஓடினீரா?"

"எப்படி ஓய் ஓடறது? என்னைத் தூக்க மூணு பேர்தானே பாக்கி!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார்.

"கவலைப்படாதேயும். உம்ம சட்டம் வந்தா நாலாவது ஆளாப் போலீஸ்காரன் வருவான்" என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.